நேரில் அறிந்த அதிகாரி

போர்ட் கெரிங் நூலகத்தில், பெரிய எழுத்துப் புத்தகங்களுக்கும் நகலெடுக்கும் இயந்திரத்துக்கும் நடுவே ஒரு சின்ன மேசை கிடக்கிறது. புதன்கிழமைதோறும் காலை பத்து முதல் பன்னிரண்டு வரை அதன் பின்னால் மெர்வின் பென்ரோஸ் உட்கார்ந்திருப்பார். மேசைமேல் ஒரு பலகை: "சமாதான நீதவான். கட்டணம் இல்லை." ஊரார் கொண்டுவரும் பத்திரங்களில் சாட்சிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது அவர் வேலை. கட்டணம் இல்லை என்று தெரிந்தும் அவரிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்கத்தான் வருவார்கள். மெர்வின் எழுந்து நின்று வழி காட்டுவார். பிறகு உட்கார்ந்து, பதிவேட்டில் "விசாரிக்க வந்தோர்: ஒருவர்" என்று எழுதிக்கொள்வார்.

அதற்கு முன் முப்பத்தொரு வருஷம் அவர் ஊராருடைய தண்ணீர் மீட்டரைப் படித்தவர். ஊரிலுள்ள ஒவ்வொரு வீட்டுக் கொல்லையும் அவருக்குத் தெரியும். ஒரு வீட்டின் கூடமும் தெரியாது. மனைவி இறந்து இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது. அதற்கப்புறம் அவர் வீட்டில் கேட்கிற ஒரே குரல் வானிலை அறிக்கை வாசிக்கிறவருடையது. பெர்த்தில் இருக்கும் மகள் தொலைபேசியில், "அப்பா, நாலு பேரோட பழகுங்கப்பா" என்றாள். அந்த வாரம் செய்தித்தாளில் சமாதான நீதவான்கள் தேவை என்று ஓர் அறிவிப்பு வந்தது. நாலு பேரோடு பழக இதைவிட நல்ல வேலை ஏது என்று மெர்வின் நினைத்தார்.

அது எப்பேர்ப்பட்ட தப்புக்கணக்கு என்பது நீதவான்களின் வட்டாரக் கழகம் வைத்த வரவேற்புக் கூட்டத்தில்தான் தெரிந்தது.

கழகத்தின் தலைவர் லயோனல் ப்ரிட்சர்ட். வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தராசுப் படம் போட்ட கழுத்துப்பட்டை கட்டாமல் அவர் தபால்பெட்டி வரைக்கும்கூடப் போவதில்லை. இருபத்தாறு வருஷமாக அவர்தான் தலைவர், போட்டிக்கு யாரும் நின்றதில்லை.

"புதுசா வந்திருக்கற மிஸ்டர் பென்ரோஸ் ஒண்ணைத் தெரிஞ்சுக்கணும்" என்று அவர் எழுந்து பேசினார். "நாம மக்களுக்கு உதவி பண்ண வரலை. உதவி பண்ணினா ஒரு பக்கம் சாய்ஞ்சிடுவோம். நாம இருக்கோம், அவ்வளவுதான். தூண் மாதிரி. 'அச்சமோ சலுகையோ பாசமோ பகையோ இன்றி'ன்னு பிரமாணம் எடுத்துக்கறோம். அச்சம், சலுகை, பகை, இதையெல்லாம் யார் வேணாலும் விட்டுடலாம். பாசத்தை விடறதுதாங்க கஷ்டம். நான் விட்டேன். இருபத்தாறு வருஷத்துல என்கிட்ட கையெழுத்து வாங்கிட்டுப் போனவங்கள்ல ஒருத்தர் முகம்கூட எனக்கு ஞாபகம் இல்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லலை."

உறுப்பினர்கள் பன்னிரண்டு பேரும் கைதட்டினார்கள். பிறகு தேநீர். அவரவர் குவளையில் அவரவரே ஊற்றிக்கொள்ள வேண்டும். அடுத்தவருக்கு ஊற்றினால் சலுகை.

அதற்கப்புறம் நடந்த கூட்டங்களில் ஏழு மாதம், கையெழுத்து நீல மையில் இருக்க வேண்டுமா கறுப்பு மையிலா என்பது விவாதிக்கப்பட்டது. கடைசியில் கருநீலம் என்று முடிவாகி, அந்த நிறப் பேனா எங்கே கிடைக்கும் என்று பார்க்க ஒரு துணைக்குழு போடப்பட்டது. துணைக்குழு இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறது.

மே மாதத்தில் ஒரு புதன்கிழமை, கறுப்பு உடுத்திய ஒரு மூதாட்டி சக்கரம் வைத்த காய்கறிப் பையை இழுத்துக்கொண்டு நேராக மேசைக்கு வந்தார்.

"அங்க இடதுபக்கம் திரும்பினா..." என்று மெர்வின் எழுந்தார்.

"என்ன இடதுபக்கம்? கையெழுத்துப் போடறவர் நீங்கதானே? உக்காருங்க தம்பி."

அவர் பெயர் அர்கிரோ சமியு. வயது எண்பத்தொன்று. பத்தொன்பது வயதில் கிரேக்கத் தீவொன்றிலிருந்து கப்பலேறி வந்து, ஊர் மீன் பதனிடும் ஆலையில் நாற்பது வருஷம் மத்தி மீன் அடுக்கியவர். கூட வந்த தீவுக்காரர்கள் பாதிப்பேர் மகன்கள் இருக்கும் நகரத்துக்குப் போய்விட்டார்கள், மீதிப்பேர் கல்லறைக்கு. மாதம் ஒருமுறை பாதிரியார் வந்து பூசை வைத்துவிட்டுப் போகிறார், கேட்பதற்கு அர்கிரோவும் நாலைந்து மெழுகுவர்த்திகளும் இருக்கும்.

பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். முழுக்கக் கிரேக்க எழுத்து.

கழகத்தின் கையேடு இதைத் தெளிவாகச் சொல்லியிருந்தது. அந்நிய மொழிப் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று நீதவான் தெரிந்துகொள்ளத் தேவையில்லை. கையெழுத்துப் போடுகிற கை, பத்திரத்திலுள்ள பெயருக்குரியவரின் கைதானா என்று பார்த்தால் போதும். கைக்கு மேலே பார்ப்பது விரும்பத்தக்கதல்ல.

மெர்வின் மேலே பார்த்துவிட்டார். "இதுல என்னம்மா எழுதியிருக்கு?" என்று கேட்டும்விட்டார்.

அர்கிரோ விரலை வைத்து வரிவரியாகப் படித்துச் சொன்னார். அவர் தம்பி பன்டெலிஸ் இறந்து மூன்று வருஷம் முடிந்துவிட்டது. தீவில் மண் குறைவு, அதனால் மூன்று வருஷத்துக்குப் பிறகு குழியைத் திறந்து, எலும்பை எடுத்து, திராட்சை மதுவில் கழுவி, பெயர் எழுதிய பெட்டியில் வைத்துக் கோயில் பக்கத்து அறையில் அடுக்கிவிடுவார்கள். அதற்கு இரத்த உறவுள்ள ஒருவர் சம்மதம் எழுதிக் கொடுக்க வேண்டும். ஜூன் முப்பதுக்குள் சம்மதம் வராவிட்டால் எலும்பு மதிலோரக் குழிக்குப் போகும்.

"மதிலோரக் குழின்னா?"

"பேர் இல்லாதவங்க குழி. கரையில ஒதுங்கின பிணத்தையெல்லாம் அதுலதான் போடுவாங்க. யாரோட காலு, யாரோட கையின்னு கிடையாது." அர்கிரோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கல்யாணம் பண்ணிக்கலை அவன். என்னைவிட்டா ஆள் இல்ல தம்பி."

மெர்வின் அடையாள அட்டையைப் பார்த்தார். படகுத்துறைச் சாலை, பத்தொன்பது.

"உங்க மீட்டர் அத்திமரத்தடியில இருக்கும்" என்றார் தன்னையறியாமல். "மூடிமேல கல் வெச்சிருப்பீங்க."

அர்கிரோ அவரை உற்றுப் பார்த்தார். "அட! இருமிக்கிட்டே வருவாரே, அந்த ஆளா நீங்க? அடுப்படியில நின்னு கேப்பேன். இருமல் கேட்டா, மூணு மாசம் ஓடிப்போச்சுன்னு நினைச்சுப்பேன்."

தன் இருமலை ஒருவர் முப்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார் என்பது மெர்வினுக்கு என்னவோ செய்தது. அர்கிரோ கையெழுத்திட்டதும் அதன் கீழே தானும் கையெழுத்திட்டார். கழகத்தார் கொடுத்த செவ்வக முத்திரையை அழுத்தி வைத்துத் தாளைக் கொடுத்தார்.

மூன்று வாரத்தில் தாள் திரும்பி வந்தது. சிவப்பு மையில் இரண்டு இடத்தில் சுழித்திருந்தது.

"முத்திரை வட்டமா இருக்கணுமாம்" என்றார் அர்கிரோ. "கட்டமா இருந்தா அது அரசாங்கம் இல்லையாம், கடை விளம்பரமாம். எங்க ஊரு குமாஸ்தா எழுதியிருக்கான். ரெண்டாவது, இங்க பாருங்க. 'கையெழுத்திடுபவரை நேரில் அறிந்த அதிகாரி'ன்னு இருக்கு. என்னைத் தெரியும்னு நீங்க எழுதலையாம்."

அன்று ஜூன் பதினொன்று. மறுநாள் கழகக் கூட்டம் இருந்தது. அங்கே கேட்டுச் சொல்வதாக மெர்வின் வாக்குக் கொடுத்தார். அவர் நல்ல மனிதர். கூட்டத்தில் கேட்டால் பதில் கிடைக்கும் என்று நம்புகிற அளவுக்கு நல்லவர்.

வட்ட முத்திரை விவகாரம் இரண்டே நிமிடத்தில் முடிந்தது. செவ்வகத்தை விட்டுக்கொடுப்பது மூலைகளை விட்டுக்கொடுப்பதாகும் என்று லயோனல் சொன்னார், யாரும் மறுக்கவில்லை. இரண்டாவது விஷயத்துக்கு வந்ததும் அவர் மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டார்.

"இந்தம்மாவை உங்களுக்குத் தெரியுமா, மிஸ்டர் பென்ரோஸ்?"

"மீட்டர் தெரியும் தலைவரே."

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. மீட்டரைத் தெரிந்திருப்பது ஆளைத் தெரிந்திருப்பதாகுமா? ஒருவர், மீட்டர் தண்ணீர் வாரியத்தின் சொத்து, எனவே ஆகாது என்றார். இன்னொருவர், மீட்டரில் ஓடின தண்ணீரை அந்த அம்மாள்தான் குடித்திருக்கிறார், எனவே ஓரளவு ஆகும் என்றார். லயோனல் கையைத் தூக்கினார்.

"தெரிஞ்சவங்களுக்குக் கையெழுத்துப் போடறது பாசம். பிரமாணத்துக்கு விரோதம். ஆகவே நீங்க அந்தம்மாவை அறியாதவர்னு ஒரு உறுதிமொழி எழுதித் தரணும். அப்பதான் நீங்க ஏற்கெனவே போட்ட கையெழுத்து செல்லும்."

"ஆனா அவங்க ஊருல, தெரிஞ்சவர்னு எழுதினாத்தான் செல்லும்ங்கறாங்களே?"

"அது அவங்க ஊரு. அங்க எல்லாரும் எல்லாரையும் தெரிஞ்சு வெச்சுக்கிட்டு எந்தக் கதிக்கு ஆளாயிட்டாங்க பாருங்க. எலும்பைத் தோண்டி எடுத்துக் கழுவறாங்க." லயோனல் தொண்டையைச் செருமிக்கொண்டார். "சரி. உங்க அறியாமை உறுதிமொழிக்கு ஒரு சாட்சி வேணும். சாட்சி உங்களை அறியாதவரா இருக்கணும். அதுதான் இங்க சிக்கல். நாம எல்லாரும் ஒரு வருஷமா ஒண்ணா உக்காந்திருக்கோமே. இங்க யாருக்காவது மெல்வினைத் தெரியாதா?"

"மெர்வின்" என்றார் மெர்வின்.

 ஓர் அம்மாள் மெதுவாகக் கையைத் தூக்கினார். "எனக்குத் தெரியாதுங்க. நான் இவரு ஹீட்டர் சரிபண்ண வந்தவர்னு நினைச்சேன்." இன்னொரு கை எழுந்தது. அப்புறம் இன்னொன்று. மெர்வினுக்குப் பக்கத்திலேயே ஒரு வருஷமாக உட்கார்ந்தவர் அவரைத் திரும்பிப் பார்த்து, மன்னிப்புக் கேட்கிற முகத்தோடு கையைத் தூக்கினார். பன்னிரண்டு கைகள்.

லயோனல் முகம் மலர்ந்துவிட்டது. "அபாரம்! இந்தக் கிளையே தகுதியுள்ள கிளை! மத்த வட்டாரத்துல போய்ப் பாருங்க, ஒருத்தர் கல்யாணத்துக்கு ஒருத்தர் போறாங்க. எழுதிக்குங்க செயலாளரே, ஏகமனதா."

பன்னிரண்டு பேரும் வரிசையாக வந்து, மெர்வின் பென்ரோஸ் என்பவரைத் தாங்கள் அறியோம் என்று கையெழுத்திட்டு, பன்னிரண்டு செவ்வக முத்திரைகள் பதித்துக் கொடுத்தார்கள். மெர்வின் நன்றி சொல்லி வாங்கி, மடிக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமையலறை மேசையில் வைத்தார். அன்று சாப்பாட்டுக்கு வாங்கி வந்த, இறைச்சி அடைத்துச் சுட்ட பாஸ்டியை அடுப்பில் சூடு பண்ண மறந்து, ஆறினதையே தின்றார். தப்பாக ஒன்றும் எழுதிவிடவில்லை அவர்கள். அதுதான் உறுத்தியது.

மறுநாள் காலை படகுத்துறைச் சாலைக்குப் போனார். பத்தொன்பதாம் எண் வீட்டு வாசலில் கால் தானாகப் பக்கவாட்டுச் சந்துக்குள், மீட்டர் இருக்கிற பக்கம் திரும்பிற்று. நிறுத்தித் திருப்பி, முன்கதவைத் தட்டினார்.

"உங்களைத் தெரியும்னு என்னால எழுத முடியலைம்மா. தெரியாததைத் தெரியும்னு எழுதினா பொய்யாயிடும். மீட்டர் மட்டும்தான் தெரியும்."

"அதுக்கு வாசல்லயே நின்னுட்டுப் போனா எப்படித் தெரியும்?" என்றார் அர்கிரோ. "உள்ள வந்து தெரிஞ்சுக்கோ."

மெர்வின் உள்ளே போய் உட்கார்ந்து, சட்டைப்பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தார். "முழுப்பெயர் எழுதியாச்சு. பிடிச்ச சாப்பாடு?"

"எதுக்கு? என்னைப் பொண்ணு பாக்க வந்திருக்கியா?"

"இல்லம்மா, தெரிஞ்சுக்கறதுக்கு..."

"அந்த நோட்டை மூடு. கை கழுவிட்டு வா. மீன் பொரிச்சிருக்கேன்."

முள் எடுக்கத் தெரியாமல் மெர்வின் தின்றதை அர்கிரோ பார்த்துச் சிரித்தார். பிறகு தம்பியைப் பற்றிச் சொன்னார். இவர் கப்பலேறின அன்று பன்டெலிஸுக்கு எட்டு வயது. கோபத்தில் தன் ஒரு செருப்பைக் கடலில் விட்டெறிந்தான். அம்மா அங்கேயே நாலு அறை விட்டாள். கப்பல் நகர்ந்தபோது அவன் எதற்காக அழுதான், அக்காவுக்கா, அடிக்கா, செருப்புக்கா என்று இன்றுவரை அர்கிரோவுக்குத் தெரியவில்லை. வளர்ந்து துறைமுகத்தில் பயணச்சீட்டு விற்கிற வேலைக்குப் போனான். "நாப்பது வருஷம் ஊரையெல்லாம் கப்பல் ஏத்தி அனுப்பினான். அவன் ஒருநாளும் ஏறலை. அடுத்த வருஷம் வர்றேன் அடுத்த வருஷம் வர்றேன்னு நானும் போகலை. செத்தப்புறமாவது அவனைத் தனியா விடாம இருக்கணும் தம்பி. எங்க அம்மா பெட்டி பக்கத்துல வெச்சிடணும்."

அப்புறம் அவர் கேட்டார்: "உன் வீட்டுக்காரி பேர் என்ன?"

இரண்டு வருஷத்தில் அதை யாரும் கேட்டதில்லை. "க்ளெனிஸ்" என்றார் மெர்வின். அதோடு நிறுத்திக்கொள்ளத்தான் நினைத்தார். ஆனால் நிறுத்த முடியவில்லை. காபி இரண்டு தடவை ஆறிப்போய், அர்கிரோ இரண்டு தடவை புதிதாகப் போட்டார்.

அர்கிரோ வீட்டு வாசலில் இறங்கும்போது சாயங்காலம் ஆகியிருந்தது. குறிப்பேட்டில் பெயரைத் தவிர ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை.

அடுத்த புதன்கிழமை நூலக மேசையில் அர்கிரோ மறுபடி கையெழுத்திட்டார். அதற்குக் கீழே மெர்வின், "இவரை நான் நேரில் அறிவேன்" என்று தெளிவாக எழுதிக் கையெழுத்திட்டார். அவர் வாழ்க்கையில் இத்தனை நிச்சயத்தோடு எழுதிய வாக்கியம் வேறு இல்லை.

"வட்ட முத்திரைக்கு எங்க போறது?" என்று அர்கிரோ கவலைப்பட்டார்.

நூலகர் கெய்லீன் புத்தக வண்டியைத் தள்ளிக்கொண்டு போனவர் நின்றார். "வட்டமாவா? என்கிட்ட ஒண்ணு இருக்கு. விடுமுறையில குழந்தைங்க புத்தகம் படிச்சு முடிச்சா வெச்சு விடுவோம்." மேசை இழுப்பறையிலிருந்து எடுத்து வந்தார். வட்டத்துக்குள் ஒரு கூழைக்கடாப் பறவை, சுற்றிலும் எழுத்து: "சபாஷ்! முழுவதும் படித்துவிட்டாய்!"

"இதை நீதவான் முத்திரைன்னு நினைச்சிடுவாங்களே கெய்லீன். ஏமாத்தினதா ஆயிடும்."

"பக்கத்துலயே எழுதிடுங்க, மெர்வ். இது நூலகத்து முத்திரை, நூலகத்துலதான் கையெழுத்து ஆச்சுன்னு. உண்மைதானே?"

உண்மைதான். அது மட்டுமல்ல, கூழைக்கடா சொல்வதும் உண்மைதான். அந்தப் பத்திரத்தை மெர்வின், அர்கிரோவின் வாய்வழியாக, முழுவதும் படித்திருந்தார். கெய்லீன் தாளைப் படமெடுத்து மின்னஞ்சலில் அனுப்பி, அசலை விரைவுத் தபாலில் சேர்த்தார்.

ஜூன் இருபத்தேழாம் தேதி தீவிலிருந்து பதில் வந்தது. மேன்மைமிகு பறவை முத்திரை தாங்கிய தங்கள் உயர் அலுவலகத்தின் சான்று மிகவும் திருப்திகரமாக இருக்கிறது என்றும், இப்படி நேர்த்தியான முத்திரையைச் சமீபத்தில் கண்டதில்லை என்றும் குமாஸ்தா எழுதியிருந்தார். முப்பதாம் தேதி காலை ஒன்பது மணிக்குக் குழி திறக்கப்படும்.

அங்கே காலை ஒன்பது, இங்கே பிற்பகல் மூன்றரை. அன்று அர்கிரோ கோதுமையை வேகவைத்து, சர்க்கரையும் மாதுளையும் பாதாமும் சேர்த்து ஒரு பெரிய கிண்ணத்தில் வைத்தார். நடுவில் ஒரு மெழுகுவர்த்தி. இறந்தவருக்காக அதை ஒரு கரண்டி தின்கிறவர், "கடவுள் அவரை மன்னிக்கட்டும்" என்று சொல்ல வேண்டும். தின்கிறவர் பலரானால் நல்லது. மெர்வின் ஒருவர் வந்திருந்தார். தலையைக் குனிந்து, ஒரு கரண்டி தின்று, சொன்னார்.

அப்போது முன்கதவு தட்டப்பட்டது. தராசுக் கழுத்துப்பட்டையோடு லயோனல் ப்ரிட்சர்ட் நின்றிருந்தார்.

"மிஸ்டர் பென்ரோஸ் இங்க இருக்கறதா நூலகத்துல சொன்னாங்க. நேர்ல கொடுக்க வேண்டிய கடிதம்." அங்கேயே நின்று உறையைப் பிரித்து வாசித்தார். "தாங்கள் பணியில் இருக்கும்போது பொதுமக்களில் ஒருவரை அறிந்துகொண்டதாக நூலகப் பதிவேட்டில் தங்கள் கைப்பட ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். இந்தக் கிளையின் வரலாற்றில் இப்படி ஒன்று நிகழ்ந்ததில்லை. தங்கள் பெயர் நூலக மேசைப் பட்டியலிலிருந்து நீக்கப்படுகிறது. முத்திரையை ஒப்படைக்கவும்."

மெர்வின் செவ்வக முத்திரையைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். தனக்கு வருத்தமாக இருக்குமென்று எதிர்பார்த்தார், இல்லை. லயோனல் அதைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டார். வேலை முடிந்துவிட்டது. ஆனால் அவர் போகவில்லை. கிண்ணத்தையும் மெழுகுவர்த்தியையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வாங்க, ஒரு கரண்டி சாப்பிடுங்க" என்றார் அர்கிரோ.

"நான் பொதுமக்கள்கிட்ட எதுவும் வாங்கக் கூடாதும்மா. விதி."

"இது நான் குடுக்கறது இல்ல. என் தம்பி குடுக்கறது. செத்தவன்கிட்ட வாங்கக் கூடாதுன்னு விதி இருக்கா?"

லயோனல் யோசித்தார். கையேட்டைப் பக்கம் பக்கமாக மனசுக்குள் புரட்டுவது முகத்தில் தெரிந்தது. அப்படி ஒரு விதி இல்லை. கரண்டியை வாங்கி, நின்றபடியே தின்றார். என்ன சொல்ல வேண்டுமென்று மெர்வின் மெதுவாகச் சொல்லிக் கொடுத்தார்.

"கடவுள் அவரை மன்னிக்கட்டும்" என்றார் லயோனல். அப்புறம், கடிதம் வாசிக்கிற குரல் இல்லாத ஒரு குரலில், "வேற யாருக்காகவும் சொல்லலாமா? இல்ல அதுக்குத் தனியா ஏதாவது..." என்று கேட்டார்.

"சொல்லுங்க. கிண்ணத்துல நிறைய இருக்கு."

"டோரதி மே ப்ரிட்சர்ட். எங்கம்மா. பிறந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினெட்டு, மார்ச்..."

"தேதி வேண்டாம் ஐயா" என்றார் அர்கிரோ. "கடவுளுக்குப் பேர் போதும். யாருன்னு தெரியும்."

லயோனல் ஒரு கரண்டி தின்று அம்மாவுக்காகச் சொன்னார். பிறகு வில்ஃப்ரெட் என்று ஒரு பெயர் சொன்னார். அண்ணனோ, நண்பனோ, அவர் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. மூன்றாவது பெயருக்கு வந்தபோது கழுத்துப்பட்டையைத் தளர்த்திவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மெர்வின் எழுந்து அவருக்குக் காபி ஊற்றினார்.